கஞ்சிக்கோட்டுப் பவுண்டரிக்கு ஐந்தாண்டு ஆள் திட்டம்: எங்கிருந்து தொடங்குவது?

கணவாய்க்காற்று (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். பாலக்காட்டுக்குப் பக்கத்தில் கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் ஒரு பவுண்டரியின் (இரும்பு வார்க்கும் ஆலை) மனிதவளப் பிரிவைக் கவனித்துக்கொள்கிறேன். மின்சாரத்தில் இரும்பை உருக்கும் இரண்டு இண்டக்‌ஷன் உலைகள், மணல் அச்சு செய்யும் ஒரு மோல்டிங் பிரிவு, பின்னால் சிறிய மெஷின் ஷாப். பம்புக்கும் வால்வுக்கும் காஸ்டிங் (வார்ப்பு) போடுகிறோம். நிரந்தரம், ஒப்பந்தம், அலுவலகம் எல்லாம் சேர்த்து 200 பேர் வரை இருப்போம். எலப்புள்ளி, புதுசேரிப் பக்கத்து மலையாளிகள், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர்ப் பக்கத்துத் தமிழர்கள், வாளையார் தாண்டி வருகிறவர்கள், பீகார், ஒடிசாக்காரர்கள் என்று ஷிப்ட் மாறும் நேரத்தில் கேட்டில் நின்றால் நான்கு மொழி கேட்கும்.

சென்ற மாதம் முதலாளி கூப்பிட்டு, "ஐந்து வருடத்துக்கு ஆள் திட்டம் ஒன்று போட்டுக் கொடு" என்றார். காரணம் இங்கே பலருக்கும் தெரிந்ததுதான். 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த 12 தொழில் நகரங்களில் பாலக்காடும் ஒன்று. 1,710 ஏக்கர், 3,806 கோடி ரூபாய். கிட்டத்தட்ட எங்கள் வாசலுக்கே வருகிறது. அங்கே குளிரூட்டிய கூடத்தில் வேலை கிடைக்கும்போது எங்கள் உலை முன்னால் யார் நிற்பார்கள் என்பது அவருடைய கவலை. எனக்கும் அதே கவலைதான்.

ஆலோசகர் ஒருவரை அழைத்தோம். வழுவழு தாளில் அச்சடித்த புத்தகம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். தொலைநோக்கு, விழுமியங்கள், ஊழியர் ஈடுபாடு, கற்கும் நிறுவனம். எங்கள் பெயரை அழித்துவிட்டு ஒரு மருத்துவமனையின் பெயரை எழுதினாலும் வேறு வரி எதையும் மாற்ற வேண்டியதில்லை. உலை என்ற சொல் அதில் ஓரிடத்திலும் இல்லை.

இந்த அளவுள்ள இடத்துக்கு உண்மையில் உதவுகிற திட்டம் எப்படி இருக்கும்? எதை முதலில் கணக்கெடுப்பது? வரையறைகள் வேண்டாம். அதற்குப் புத்தகம் கையில் இருக்கிறது.

பழைய ஃபோர்மேன்

தம்பி, முதலில் ஆட்களின் பிறந்த வருடத்தைப் பிரிவு வாரியாக எழுதுங்கள். பவுண்டரிகளில் பெரும்பாலும் ஒரே கதைதான். 1990களில் ஒரே சமயத்தில் ஆள் எடுத்திருப்பார்கள். அப்படி எடுத்தவர்கள் ஒரே சமயத்தில்தான் கிழவர்களாவார்கள்.

மொத்த எண்ணிக்கை முக்கியமில்லை. எந்தப் பிரிவில் என்பதுதான் முக்கியம். லோடிங்கில் நான்கு பேர் போனால் அடுத்த வாரமே நான்கு பேர் வந்துவிடுவார்கள். உலையில் இரும்பு உருக்கும் மெல்ட்டர் ஒருவர் போனால் என்ன செய்வீர்கள்? உலைக்கு லைனிங், அதாவது தீ தாங்கும் உள்சுவர், போடும் முறை எந்த ஏட்டிலும் இருக்கிறது. ராமிங் மாஸ் என்ற தீ தாங்கும் பொடியைக் கொட்டி, இடித்து, மெதுவாகச் சூடேற்ற வேண்டும். அந்த லைனிங் இன்னும் எத்தனை ஹீட் (ஒரு முறை உருக்கி ஊற்றுவது ஒரு ஹீட்) தாங்கும் என்பதை மெல்ட்டர் எப்படிச் சொல்கிறார்? புது லைனிங் போட்ட அன்று மீட்டர் முள் எங்கே நின்றது என்று அவருக்கு நினைவிருக்கும். சுவர் தேயத் தேய உருகிய இரும்பு உலையைச் சுற்றியுள்ள மின்சாரக் காயிலை நெருங்கும், அதே உலை கூடுதல் பவர் இழுக்கும். எந்த இடத்துக்கு முள் வந்தால் நிறுத்த வேண்டும் என்பது உலைக்கு உலை வேறு. உலை காலியானதும் எட்டிப் பார்த்து, கசடு எங்கே அப்பியிருக்கிறது, சுவர் எங்கே குழிந்திருக்கிறது என்று கவனிப்பார். ஒரு நாள் கணக்கு தப்பினால் இரும்பு காயிலைத் தொடும். காயிலுக்குள் ஓடுவது தண்ணீர். அதற்கு மேல் நான் சொல்லத் தேவையில்லை.

உங்கள் இரண்டு உலைக்கும் அப்படிப் பார்க்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேர் 2031க்குள் வீட்டுக்குப் போகிறார்கள்? இதற்குப் பதில் எழுதிவிட்டு வாருங்கள், மற்றதைப் பேசலாம்.

சூலூர் காஸ்டிங்

ஐயா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் தீர்வு எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. லைனிங் தேய்வைக் கண்காணிக்கவும் நிலக்கசிவு மின்னோட்டத்தைக் காட்டவும் கருவிகள் வந்து எத்தனையோ காலமாகிறது. ஒரு மனிதரின் தலையில் இருப்பதை இன்னொரு மனிதரின் தலைக்கு மாற்றுவதை விட, கருவிக்கு மாற்றுவது மலிவு. வார்ப்பின் பிசிறைத் தேய்த்து எடுக்கும் ஃபெட்லிங் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். நாள் முழுவதும் கிரைண்டரைப் பிடித்துத் தூசியைத் தின்னும் வேலை. உள்ளூர்ப் பிள்ளைகள் யாரும் வரப்போவதில்லை, வர வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. இயந்திரம் வாங்குங்கள்.

எங்கள் பக்கத்தில் நாங்கள் செய்தது இதுதான். எந்த வேலைக்கு இனி ஆளே வேண்டாம் என்று முதலில் பட்டியல் போட்டோம். மிச்சமுள்ள கைவேலைக்குக் கான்டிராக்டர். அலுவலகத் தலைவலி பாதியாகக் குறைந்தது.

நல்லேப்பிள்ளிக்காரி

பதிவுகளைப் படித்துவிட்டேன். உலை இருக்கிறது, மீட்டர் இருக்கிறது, கிரைண்டர் இருக்கிறது. பெண்கள் எங்கே?

கஞ்சிக்கோட்டில் வேறொரு ஆலையில் தர ஆய்வில் இருக்கிறேன். கோர் (வார்ப்புக்குள் வெற்றிடம் விட வைக்கும் மணல் உரு) செய்வதும் ஆய்வும் பெண்கள் நன்றாகச் செய்யும் வேலை என்று எல்லா முதலாளிகளும் சொல்வார்கள். சொல்லிவிட்டு இரண்டாவது ஷிப்டை இரவு பத்து மணிக்கு முடிப்பார்கள். வாளையார் வரைக்கும் மலையடிவாரச் சாலைகளில் யானை இறங்குவது இந்தப் பக்கத்தில் யாருக்கும் புதுச் செய்தி இல்லை. கணவரோ தம்பியோ வண்டியோடு கேட்டில் வந்து நின்றால்தான் வீடு திரும்ப முடியும். அவருக்கும் ஷிப்ட் மாறிவிட்டால் அவள் வேலையை விடுவாள். உங்கள் பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே 'சொந்தக் காரணம்' என்று எழுதுவீர்கள். பஸ் இல்லாதது அவளுடைய சொந்தக் காரணமா?

50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017 மகப்பேறுச் சட்டத் திருத்தத்திலேயே சொல்லிவிட்டார்கள். கஞ்சிக்கோட்டில் எத்தனை இடங்களில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள், விரல் மிஞ்சும்.

சூலூர்க்காரருக்கு ஒரு கேள்வி. குறைந்தது உங்கள் தலைவலி. அது கான்டிராக்டரின் ஆட்களுக்குப் போயிருக்கிறதா, இல்லையா?

சூலூர் காஸ்டிங்

சகோதரி, கான்டிராக்டர் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டுகிறார். ரசீது ஒவ்வொரு மாதமும் வாங்கிப் பார்க்கிறேன். எல்லாரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

கணவாய்க்காற்று

ஃபோர்மேன் ஐயா கேட்ட கணக்கை எடுத்தேன். எங்கள் நிலையாணைப்படி ஓய்வு வயது 58. நிரந்தரத் தொழிலாளர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் 2031க்குள் போகிறார்கள். அது எனக்கு அதிர்ச்சியில்லை. மெல்ட்டர் ஆறு பேரில் நான்கு பேர் போகிறார்கள், அதில் மூவர் ஒரே வருடத்தில். பேட்டர்ன் (மணல் அச்சு எடுக்க உதவும் மாதிரி உரு) மரவேலை தெரிந்தவர் ஒரே ஒருவர், அவருக்கு 56. மெஷின் ஷாப்பில் சராசரி வயது முப்பதைச் சுற்றி இருக்கிறது. ஆலோசகரின் புத்தகத்தில் நிறுவனத்தின் சராசரி வயது 41, 'ஆரோக்கியமான கலவை' என்று எழுதியிருந்தது!

நல்லேப்பிள்ளிச் சகோதரி சொன்னதும் அப்படியே. விலகியவர்களின் படிவங்களில் பெரும்பாலானவற்றில் 'சொந்தக் காரணம்'. அலுவலகத்திலிருந்து அழைத்தால் உண்மை வராது என்று, என் கைப்பேசியிலிருந்தே சிலருடன் பேசினேன். ஒருவர் வேலந்தாவளத்துக்காரர், காலை ஷிப்டுக்குப் பஸ் இணைப்பு இல்லை. ஒருவர் ஏப்ரல் மாத வெயிலில் உலை முன்னால் நிற்க முடியவில்லை என்றார். பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும்போது, நண்பகல் 12 முதல் 3 வரை திறந்தவெளி வேலைக்குத் தொழிலாளர் துறை ஒவ்வொரு கோடையிலும் தடை போடுகிறது. கூரைக்குக் கீழே உலை முன்னால் நிற்பவனுக்கு அந்தத் தடை கிடையாது. இன்னொருவர் சிரித்துக்கொண்டே, பவுண்டரி வேலை என்றால் பெண் கொடுக்க யோசிக்கிறார்கள் என்றார். சம்பளம் போதவில்லை என்று நேராகச் சொன்னவர்கள் நான் எதிர்பார்த்ததை விடக் குறைவு.

இந்தக் காரணங்களையெல்லாம் ஒரு திட்டத்துக்குள் எப்படிக் கொண்டுவருவது?

தடா ரயில்

நான் ஆந்திர எல்லைப் பக்கம். கும்மிடிப்பூண்டியில் வீடு, தடாவுக்கு அப்பால் ஒரு சிறிய உதிரிபாக ஆலையில் மனிதவள வேலை. பெரிய தொழில் நகரம் பக்கத்தில் வந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு இப்போது இருக்கும் பயம் எங்களுக்குப் பழைய பாடம். ஸ்ரீசிட்டி 2008இல் தொடங்கியது. இசூசு 2016இல் வந்தது, பிறகு டைகின் வந்தது. ஒவ்வொன்றும் திறக்கும்போது எங்கள் ஆலையில் ஒரு வரிசை காலியாகும்.

போனவர்கள் எதற்காகப் போனார்கள் என்று கவனித்தோம். சம்பள வித்தியாசம் சில ஆயிரம்தான். ஆனால் அங்கே கம்பெனி பஸ் ஊருக்குள் வந்து ஏற்றிக்கொள்கிறது. கேன்டீன் சாப்பாடு, துவைத்த சீருடை, தேதி தவறாத சம்பளம். அப்பா அம்மாவிடம் காட்ட ஓர் அடையாள அட்டை. பெரிய நிறுவனம் கொடுக்கிற சம்பளத்தைச் சிறிய நிறுவனம் கொடுக்க முடியாமல் போகலாம். பஸ்ஸும் சம்பளத் தேதியும் அப்படியல்ல. நாங்கள் பக்கத்து இரண்டு ஆலைகளோடு சேர்ந்து பஸ் வைத்தோம். வழித்தடத்தை ஆட்களின் முகவரியை வைத்துப் போட்டோம். எங்கே புதிதாக ஆள் எடுப்பது என்பதை இப்போது அந்த வழித்தடமே தீர்மானிக்கிறது.

எல்லைப் பகுதிக்கே உரிய இன்னொரு விஷயம். ஆந்திரத்தில் 2019இல் தொழிற்சாலை வேலைகளில் 75 சதவீதம் உள்ளூர்க்காரர்களுக்கு என்று சட்டம் போட்டார்கள். அந்தக் கணக்கில் தடாவுக்குத் தெற்கே பத்து கிலோமீட்டரில் இருப்பவன் வெளியூர்க்காரன். ஹரியானாவில் இதே மாதிரிச் சட்டத்தை 2023இல் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அது எப்படியும் போகட்டும். எல்லையின் ஒரு பக்கத்தை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள். நீங்கள் பொள்ளாச்சி, எட்டிமடை ஆட்களையும் நம்ப வேண்டும், சித்தூர்த் தாலுகா ஆட்களையும் நம்ப வேண்டும்.

எண்சுவடி

கணக்குப் பிரிவிலிருந்து வருகிறேன், கொஞ்சம் கசப்பாகத்தான் இருக்கும்.

மூன்றில் ஒரு பங்கு பேர் ஓய்வு பெறுகிறார்கள் என்று எழுதினீர்கள். அதற்கு ஆகும் பணத்தை யாராவது கணக்கிட்டீர்களா? கடைசிச் சம்பளம் 26,000 என்றால் வருடத்துக்கு 15 நாள் வீதம், மாதத்துக்கு 26 நாள் என்ற கணக்கில், ஒரு வருடச் சேவைக்கு 15,000 ரூபாய் பணிக்கொடை. 30 வருடம் இருந்தவருக்கு 4.5 லட்சம். மூன்று மெல்ட்டர்கள் ஒரே வருடத்தில் போகிறார்கள், அவர்களோடு மோல்டர்களும் போகிறார்கள். பணிக்கொடை நிதி எதிலும் சேர்த்து வைக்காமல், போகிறபோது பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கும் முதலாளிகளை எனக்குத் தெரியும். அந்த வருடத்தில் பயிற்சிக்குப் பணம் கேட்டால் என்ன பதில் வரும்?

இன்னொன்று, 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்துவிட்டது. அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துக் காட்டி, மிச்சத்தைப் படிகளாகக் கொடுக்கிற பழக்கம் இனி அவ்வளவாக உதவாது. படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி சம்பளக் கணக்கில் சேரும். பணிக்கொடையும் ஏறும். குறித்த காலத்துக்கு எடுக்கிற ஆளுக்கு ஒரு வருடத்திலேயே பணிக்கொடை உரிமை வந்துவிடுகிறது. முக்கிய உற்பத்தி வேலையில் ஒப்பந்தத் தொழிலாளரை வைப்பதற்கும் புதிய தொகுப்பில் கட்டுப்பாடு இருக்கிறது, விதிவிலக்குகளும் இருக்கின்றன. சூலூர் நண்பரின் 'மிச்சத்துக்குக் கான்டிராக்டர்' யோசனையை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாளியிடம் போகும்போது பக்கம் பக்கமாகக் கொண்டுபோக வேண்டாம். எந்த வருடத்தில் எத்தனை பேர் போகிறார்கள், அதற்கு எவ்வளவு பணம், மாற்று ஆள் தயாராக எத்தனை மாதம். இந்த மூன்று பத்தியும் ஒரே தாளில் இருந்தால் அவர் உட்கார்ந்து படிப்பார்.

சூலூர் காஸ்டிங்

சட்டம் எப்படியும் இருக்கட்டும், ஆள் எங்கிருந்து வரும் என்று யாரும் சொல்லவில்லையே. கேரளப் பிள்ளைகள் வெளிநாட்டுக்குப் போகிறார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பொறியியல் முடித்துவிட்டு உணவு விநியோகம் செய்தாலும் செய்வார்கள், பவுண்டரிக்கு வரமாட்டார்கள். கடைசியில் பீகார்தான்.

எண்சுவடி

முதல் பகுதி சரி. 2023 கேரள இடம்பெயர்வு ஆய்வின்படி வெளிநாட்டில் படிக்கும் கேரள மாணவர்கள் ஏறக்குறைய 2.5 லட்சம், 2018இல் இருந்ததைப் போல இரண்டு மடங்கு. 2019–21 தேசிய குடும்பநல ஆய்வில் குழந்தைப்பேறு விகிதம் கேரளம் 1.8, தமிழ்நாடும் 1.8. பீகார் 3.0. அதனால் ரயில் இன்னும் கொஞ்ச காலம் நிறைந்து வரும் என்பது உண்மை. ஆனால் அந்த ரயிலில் வருகிறவன் உங்களிடம் நிற்க வேண்டும் என்று யார் விதித்தார்கள்? அவனுக்கும் கோவை இருக்கிறது, பெங்களூரு இருக்கிறது, நாளைக்கு இந்தப் புதிய தொழில் நகரமும் இருக்கும்.

பழைய ஃபோர்மேன்

ஒன்று கேட்கிறேன் தம்பி, கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் உலை மேடையில் கான்டிராக்டர் ஆளாக 'ஹெல்ப்பர்' என்ற பெயரில் பல வருடமாக நிற்கிற வடநாட்டுப் பையன் யாராவது இருக்கிறானா? மெல்ட்டர் டீ குடிக்கப் போகும்போது உலையைப் பார்த்துக்கொள்கிறவன் யார்?

கணவாய்க்காற்று

இன்று இரண்டாவது ஷிப்டில் போய்ப் பார்த்தேன் ஐயா. இருக்கிறான். பீகார்க்காரன், முப்பது வயது இருக்கும். கான்டிராக்டரின் பதிவேட்டில் ஹெல்ப்பர். எங்கள் பதிவேட்டில் பெயரே இல்லை. நான் போனபோது மூத்த மெல்ட்டர் மேடையில் இல்லை. இவன் மீட்டரைப் பார்த்துவிட்டு, ஸ்கிராப் போட வந்தவனைக் கையால் நிறுத்தச் சொல்லி, கசடை எடுத்துவிட்டு, பிறகு போடச் சொன்னான். எதற்காக என்று கேட்டேன். பாதி மலையாளம், பாதி தமிழில் விளக்கினான். மேடைச் சுவரில் சாக்பீஸால் தேதி வாரியாக எண்கள் எழுதியிருந்தன. லைனிங் போட்ட நாளிலிருந்து ஹீட் எண்ணிக்கையும் மீட்டர் அளவும். மூத்த மெல்ட்டர் நினைவில் வைத்திருப்பதை இவன் எழுதி வைத்திருக்கிறான்.

மாற்று மெல்ட்டர் தயாராக இரண்டு வருடம் ஆகும் என்று என் தாளில் எழுதியிருந்தேன். அந்த இடத்தை அழித்துவிட்டு யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நல்லேப்பிள்ளிக்காரி

நல்லது. இப்போது அவனை நிரந்தரமாக்கி மெல்ட்டராக உயர்த்தினால் யூனியன் என்ன சொல்லும் என்றும் யோசியுங்கள். ஒப்பந்தத்தில் மூப்புப் பட்டியல் இருக்குமே. "பத்து வருடமாக மோல்டிங்கில் இருக்கிற எங்கள் ஆளை விட்டுவிட்டு அவனையா?" என்று கேட்பார்கள். கேட்பது நியாயமும்தான். நானும் யூனியனில் இருக்கிறேன்.

அதனால் பெயரைச் சொல்லித் தொடங்க வேண்டாம். உலைப் பயிற்சிக்கு இத்தனை இடம், விருப்பமுள்ள யாரும் எழுதிக் கொடுக்கலாம், தேர்வு இப்படி நடக்கும், தேறியவருக்கு இந்தக் கிரேடு என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். ஒட்டும்போது மலையாளத்தில் மட்டும் ஒட்டாதீர்கள். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ்வழியில் படித்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், மலையாளம் பேசுவார்கள், ஆனால் சட்ட நடையில் எழுதிய சுற்றறிக்கை புரியாது. மலையாளம், தமிழ், இந்தி மூன்றிலும் வேண்டும். அடுத்த சம்பள ஒப்பந்தப் பேச்சில் மூப்போடு திறமைப்படி என்று ஒன்றைச் சேர்க்க நீங்கள் தயார் என்றால், யூனியன் அலுவலகத்தில் அதைப் பேச ஆள் இருக்கிறார்கள். கதவை அடைத்துக்கொண்டு திட்டம் போட்டுவிட்டுக் கடைசியில் கையெழுத்துக்கு வந்தால், கொடி பிடிக்கவும் ஆள் இருக்கிறார்கள்.

சூலூர் காஸ்டிங்

அந்தப் பையன் எழுதி வைத்த சாக்பீஸ் எண்களை ஒரு பதிவேட்டில் ஏற்றுங்கள். அதன் பிறகு கருவி வாங்கினால், எந்த அளவில் எச்சரிக்கை மணி அடிக்க வேண்டும் என்பது உங்கள் உலையின் சொந்தக் கணக்கிலிருந்தே கிடைக்கும். நான் இன்னும் இயந்திரக் கட்சிதான். ஆனால் இந்த எண்கள் இல்லாமல் கருவியை மாட்டி என்ன பயன் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

மலம்புழைப் பயிற்றுநர்

ஐ.டி.ஐ. ஒன்றில் பயிற்றுநராக இருக்கிறேன். தாமதமாக வந்ததற்கு மன்னிக்கவும், தேர்வு நேரம்.

தொழில் பழகுநர் சட்டம் 1961இலிருந்து இருக்கிறது. 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் மொத்த எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுத்தாக வேண்டும். உங்கள் 200 பேருக்கு ஐந்திலிருந்து முப்பது பேர். உதவித்தொகையில் 25 சதவீதத்தை, மாதத்துக்கு 1,500 ரூபாய் வரை, மத்திய அரசின் திட்டம் ஏற்றுக்கொள்கிறது. இது தெரியாத மனிதவள அதிகாரி இருக்க மாட்டார். நடைமுறையில் என்ன ஆகிறது? குறைந்தபட்ச எண்ணிக்கையைக் காட்ட ஐந்து பேரை எடுத்து, ஒரு வருடம் பெருக்கவும் டீ வாங்கவும் விட்டுவிடுகிறார்கள். பையன் திரும்பி வந்து தம்பிமாரிடம் சொல்கிறான். அடுத்த வருடம் உங்கள் பெயரைச் சொன்னாலே வகுப்பில் சிரிப்பு.

இன்னொரு ஆலை இதே பகுதியில் ஒவ்வொரு பழகுநருக்கும் ஒரு மூத்தவரை ஒதுக்கி, எந்த மாதத்தில் எந்த மெஷின் என்று தாளில் கொடுக்கிறது. எங்கள் பிள்ளைகள் அங்கே போக வரிசையில் நிற்கிறார்கள். உதவித்தொகை இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

உங்கள் பேட்டர்ன் ஆசாரிக்கு 56 என்றீர்கள். அவர் பக்கத்தில் மரவேலைப் பையன் ஒருவனையும், கணினியில் முப்பரிமாண வரைபடம் போடத் தெரிந்த பிள்ளை ஒருவரையும் சேர்த்து உட்கார வையுங்கள். சுருக்கத்துக்கு எவ்வளவு கூட்டி அளக்க வேண்டும், எங்கே ரைசர் (உறையும்போது குறையும் இரும்பை ஈடுகட்டும் தேக்கம்) வைத்தால் காஸ்டிங்கில் குழி விழாது என்பது அவரிடம் இருக்கிறது. வரைவது அந்தப் பிள்ளையிடம் இருக்கிறது. பெண் பிள்ளையாகவும் இருக்கலாம், வரைபடப் பிரிவில் இப்போது அவர்கள் எண்ணிக்கை நன்றாகவே இருக்கிறது.

தடா ரயில்

பண்டிகைகளை மறந்துவிடாதீர்கள். ஓணத்துக்கு மலையாளிகள் போவார்கள், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தமிழர்கள், சட் பூஜைக்குப் பீகார்க்காரர்கள். நான்கு முறை ஆலை நொண்டுவதற்குப் பதிலாக, எந்தப் பண்டிகையில் எந்தப் பிரிவை முழுதாக மூடிப் பராமரிப்பு பார்க்கலாம் என்று வருடத் தொடக்கத்திலேயே எழுதிவிடுங்கள். எங்களிடம் சங்கராந்தியும் பொங்கலும் ஒரே நாளில் வருவதால் எனக்குப் பாதிச் சிரமம் குறைவு.

கணவாய்க்காற்று

அனைவருக்கும் நன்றி. வரைவு தயாராகி, நேற்று முதலாளியிடம் கொடுத்தேன். மேலே எண்சுவடி சொன்ன ஒற்றைத் தாள், பின்னால் நான்கைந்து பக்கம்.

உலையும் பேட்டர்னும்தான் திட்டத்தின் நடு. ஓய்வு பெறும் மெல்ட்டர் ஒவ்வொருவருக்கும் குறைந்தது ஒன்றரை வருடம் முன்பாகவே பயிற்சிக்கு ஆள் ஒதுக்க வேண்டும். பயிற்சி எல்லாருக்கும் திறந்தது, ஒப்பந்த ஆட்களும் எழுதிக் கொடுக்கலாம், தேறினால் எங்கள் பதிவேட்டுக்கு வருவார்கள். லைனிங் பதிவேடு இந்த மாதமே தொடங்கிவிட்டது. முதல் பக்கத்தை எழுதியது அந்தப் பையன்தான், மூத்த மெல்ட்டர் பக்கத்தில் நின்று இரண்டு இடத்தில் திருத்தினார். ஃபெட்லிங்கில் ஆள் சேர்ப்பதை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தை இயந்திரத்துக்குத் திருப்பச் சொல்லியிருக்கிறேன், சூலூர் நண்பருக்கு நன்றி. ஆனால் அங்கே இப்போது இருப்பவர்களை அனுப்பக் கூடாது, மெஷின் ஷாப்புக்குப் பயிற்சி கொடுத்து மாற்ற வேண்டும் என்றும் சேர்த்தேன். இரண்டாவது உலை லைனிங்கை ஓண விடுமுறையில் வைத்துக்கொள்கிறோம். பஸ்ஸுக்கு இரண்டு வழித்தடம் போட்டேன்: வேலந்தாவளம், வாளையார்.

முதலாளி நிறைய கேள்வி கேட்டார். பழகுநர்களை ஐந்திலிருந்து பன்னிரண்டாக்க உடனே ஒத்துக்கொண்டார். பணிக்கொடைத் தொகையைப் பார்த்ததும் முகம் மாறியது, கணக்காளரை அழைத்து நிதி சேர்க்கும் வழியைக் கேட்டார். பஸ்ஸில் வேலந்தாவளம் வழித்தடத்தை வெட்டிவிட்டார். வாளையாருக்கு மட்டும் சரி என்றார், அதுவும் பக்கத்து ஆலை பாதிச் செலவை ஏற்றால். காப்பகத்தைப் பற்றி, "பார்க்கலாம்".

வெளி மாநிலத்தவருக்குத் தங்குமிடமும் எழுதியிருந்தேன். 2019இல் கஞ்சிக்கோட்டில் அரசு திறந்த 640 படுக்கை 'அப்னா கர்' விடுதியில் இடம் கேட்டுப் பார்க்கச் சொன்னார். கேட்கப் போகிறேன்.

நல்லேப்பிள்ளிக்காரி

"பார்க்கலாம்" என்பது சட்டத்தில் இல்லாத சொல் என்று உங்கள் முதலாளியிடம் சொல்லுங்கள். வேலந்தாவளம் வழித்தடம் இல்லாமல் கோர் பிரிவுக்குப் பெண்களை எடுப்பதாகத் தாளில் எழுதியிருந்தால், அந்த வரியையும் அடித்துவிடுங்கள். அல்லது அந்தப் பக்கத்துப் பெண்கள் எத்தனை பேர் வரத் தயார் என்று பெயரோடு பட்டியல் கேளுங்கள், நான் திரட்டித் தருகிறேன். வண்டியில் எத்தனை இருக்கை நிறையும் என்று தெரிந்தால் அவருடைய கணக்கும் மாறலாம்.

கணவாய்க்காற்று

திரட்டுங்கள். அடுத்த கூட்டம் மாதக் கடைசியில் இருக்கிறது. அதற்குள் கிடைத்தால் தாளோடு சேர்த்துவிடுகிறேன்.

பழைய ஃபோர்மேன்

வாரத்தில் இரண்டு நாள் நானும் வருகிறேன் தம்பி, காலை ஷிப்டில். பணம் பிறகு பேசலாம். ஆனால் வகுப்பறை, புரொஜெக்டர் என்று எதுவும் வேண்டாம். உலை மேடையில்தான் சொல்லிக்கொடுப்பேன். உங்கள் மூத்த மெல்ட்டரிடம் முதலில் அனுமதி கேளுங்கள். அவரைத் தாண்டி நான் மேடை ஏறினால் அவர் வாயே திறக்க மாட்டார்.

எண்சுவடி

ஓய்வுப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பிறந்த தேதியை எந்த ஆவணத்திலிருந்து எடுத்தீர்கள்? 1990களில் சேர்ந்தவர்களில் பலருக்குக் கம்பெனி பதிவேட்டில் ஒரு தேதி, பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று என்று இருக்கும். பி.எஃப். கணக்கோடு பொருந்தாவிட்டால் ஓய்வூதியம் மாதக்கணக்கில் நிற்கும். மெல்ட்டர் நான்கு பேருடையதை மட்டுமாவது இந்த வாரமே சரிபாருங்கள். ஒருவருக்கு ஒரு வருடம் முன்பின் ஆனாலும் உங்கள் பயிற்சி அட்டவணை முழுவதும் மாறும்.